மீன் தொட்டிக்கு ஏன் கறுப்பு முதுகு?

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறீர்களா? போனவர்கள் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். மீன் ஏதாவது கண்ணில் பட்டதா? பெரும்பாலும் பட்டிருக்காது. கரையில் மசாலா தடவி வரிசையாக அடுக்கியிருக்கும் மீன்களைப் பார்த்தால் ஆற்றில் மீனுக்குப் பஞ்சமில்லை என்று புரியும். பரிசலுக்கு அடியிலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலிருந்து பார்க்கிற நமக்கு மீனின் கரிய முதுகும், அதற்குக் கீழே கிடக்கும் பாறையும், ஆழத்து இருட்டும் ஒன்றாகிவிடுகின்றன. அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கோ வேறு கதை. வெளுத்த வயிறு வானத்து வெளிச்சத்தில் கலந்துவிடும்.

இதை 1896-ல் விளக்கி எழுதியவர் அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். ஓர் உருண்டையைத் தாளில் வரைந்தால் மேல்பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் நிழல் என்று தீட்டுவோம். அப்போதுதான் அது உருண்டையாகத் தெரியும். விலங்குகளின் உடம்பில் இந்த வண்ணம் தலைகீழாகப் பூசப்பட்டிருக்கிறது. மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. வெயில் மேலே விழுந்து முதுகை வெளுப்பாக்க, நிழல் வயிற்றைக் கறுப்பாக்க, இரண்டும் சரிக்குச் சரியாகி உடம்பு தட்டையாகத் தெரிகிறது, எளிதில் கண்ணில் படுவதில்லை என்றார் அவர். ஓவியருக்குத்தான் இது பட்டது பாருங்கள்! ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப் படுகையில் ஒரு கெளுத்தி இருக்கிறது. அது மல்லாந்தபடியே நீந்தும் பழக்கம் உள்ளது. அதற்கு வயிறு கறுப்பு, முதுகு வெளுப்பு. தேயர் சொன்ன கணக்கு அங்கேயும் தப்பவில்லை.

இப்படி ஒளிந்து வாழ்ந்து பழகிய உயிரை நாம் என்ன செய்கிறோம்? நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டியில் விட்டு, மேலே ஒரு எல்.இ.டி. விளக்கையும் போட்டு, பின்னால் வெள்ளைச் சுவரை வைக்கிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்டவெளி. அது மூலையில் போய் ஒண்டிக்கொண்டால், "இந்த மீன் சரியில்லை, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்கிறோம்.

சரி, தொட்டிக்குப் பின்னால் எதை வைக்கலாம்? வண்ண மீன் கடையில் கேட்டால் சுருள் சுருளாக 'சீனரி' எடுத்துக் காட்டுவார்கள். அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் பச்சைச் செடி என்று இரண்டு பக்கமும் அச்சிட்டதும் உண்டு. எனக்கு அந்தப் பவளப்பாறைப் படத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். தங்கமீன் நன்னீர் மீன். பவளம் கடலில் வளர்வது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது! என்னைக் கேட்டால் ஒரே நிறத்தில், பளபளப்பு இல்லாத, இருண்ட தாள்தான் நல்லது. கறுப்பு முதல் தேர்வு. கருநீலமும் பரவாயில்லை. உங்கள் தொட்டியில் பிளாக் மாலி மட்டும்தான் இருக்கிறது என்றால் கறுப்பு வேண்டாம். பிறகு மீனைத் தேட வேண்டியிருக்கும்.

ஒகேனக்கல்லில் மீன்வளத் துறையின் வண்ண மீன் காட்சியகம் இருக்கிறது. அடுத்த முறை அங்கே போனால் மீனை மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஒவ்வொரு தொட்டிக்கும் பின்னால் என்ன இருக்கிறது, தரையில் என்ன பரப்பியிருக்கிறது என்றும் பாருங்கள். எந்தத் தொட்டியில் மீனின் நிறம் எடுப்பாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

கறுப்புத் தாள் வைத்தால் மீன் அழகாகத் தெரிவது ஏன்? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மீனின் தோலில் நடக்கிறது. இன்னொன்று நம் கண்ணுக்குள் நடக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் தோல். மீனின் தோலில் நட்சத்திர வடிவத்தில் கிளைவிட்ட செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருள் நுண்ணிய மணிகளாக நிறைந்திருக்கும். நம் முடியைக் கறுப்பாக்குவதும் இதே மெலனின்தான். வீட்டு முற்றத்தில் ஒரு படி கேழ்வரகைக் குவியலாகக் கொட்டினால் சிறிய இடம்தான் சிவக்கும். மீதித் தரை அப்படியே தெரியும். அதையே காயவைக்கப் பரப்பிவிட்டால் தரையே மறைந்துபோகும். கேழ்வரகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீனின் செல்லிலும் நடப்பது இதுதான். கருமணிகள் செல்லின் நடுவில் குவிந்தால் மீன் வெளுக்கிறது. கிளைகளின் நுனிவரை பரவினால் கறுக்கிறது. செல்லுக்குள் இழைகளாலான பாதைகள் உண்டு. அந்தப் பாதைகளில் புரத மூலக்கூறுகள் மணிகளை முன்னும் பின்னும் இழுத்துச் செல்கின்றன. சில மீன்களில் இது சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். அதே நிறத்துச் சூழலில் வாரக்கணக்கில் இருந்தால், கருநிறச் செல்களின் எண்ணிக்கையே கூடும், அல்லது குறையும்.

எப்போது குவிக்க வேண்டும், எப்போது பரப்ப வேண்டும் என்று மீனுக்கு யார் சொல்கிறார்கள்? கண்தான். பார்வை போன மீன் வெள்ளைத் தொட்டியில் இருந்தாலும் கறுத்தே கிடப்பதை மீன் வளர்ப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள். கண்ணில் பட்ட செய்தி மூளைக்குப் போக, அங்கிருந்து நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் தோலுக்குக் கட்டளை போகிறது. வெளுக்கச் செய்யும் ஹார்மோன் ஒன்றை ஜப்பானில் கவாவுச்சி என்ற விஞ்ஞானியின் குழு 1983-ல் சால்மன் மீனிலிருந்து பிரித்தெடுத்தது. அதை எம்.சி.எச். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம் மூளையிலும் அது சுரக்கிறது! ஆனால் நமக்கு அது நிறம் மாற்றுவதில்லை; பசி, தூக்கம் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது.

கறுப்புத் தாள் வாங்குகிற பலர் கோட்டைவிடுகிற இடம் அடுத்து வருகிறது. மீனின் கண் எதைப் பார்த்து முடிவு செய்கிறது? வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் மதியத்தில் வெளுத்து, மாலையில் கறுத்து, ஏமாந்துபோகும். அதனால் மேலிருந்து நேராக வரும் ஒளியையும், தரையில் பட்டுத் திரும்பி வரும் ஒளியையும் அது ஒப்பிடுகிறது. மேலே பிரகாசம், கீழே இருட்டு என்றால் தரை கறுப்பு. இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றால் தரை வெளுப்பு. ஆகவே பின்பக்கம் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டுத் தரையில் பளிச்சென்று வெள்ளைக் கற்களைப் பரப்பினால், மீனின் கண்ணுக்கு அந்த வெள்ளைதான் பெரிதாகப்படும். மீனும் வெளிறும். பின்புறத்தை மாற்றுவதற்கு முன் தரையை மாற்றுங்கள் என்பேன்.

இப்படி நிறம் மாற்றிக்கொள்வது மீனுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா என்று சோதித்தவர் ஃபிரான்சிஸ் சம்னர் என்ற ஆய்வாளர். 1911-ல் வெளியான ஆய்வில் அவர் தட்டை மீன்களைச் சதுரக் கட்டங்கள், புள்ளிகள் வரைந்த தரைகளில் விட்டு, அவை தரைக்கேற்பத் தோலை மாற்றிக்கொள்வதைப் படம் பிடித்தார். பிறகு கலிஃபோர்னியாவில் கம்பூசியா மீன்களை எடுத்துக்கொண்டார். இந்த மீனை உங்களுக்கும் தெரியும். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவார்களே, அதுதான். சிலவற்றைக் கறுப்புத் தொட்டியிலும் சிலவற்றை வெளிர் நிறத் தொட்டியிலும் பல வாரங்கள் வளர்த்தார். அவை கறுத்தும் வெளுத்தும் போயின. பிறகு இரண்டு வகையையும் சம எண்ணிக்கையில் கலந்து, கறுப்புத் தொட்டியிலும் வெளிர் தொட்டியிலும் விட்டு, சான் டியேகோ விலங்குக் காட்சிச் சாலையின் பென்குவின்களை உள்ளே விட்டார். கறுப்புத் தொட்டியில் வெளுத்த மீன்கள் அதிகம் மாட்டின. வெளிர் தொட்டியில் கறுத்த மீன்கள் அதிகம் மாட்டின. சம்னர் இந்த முடிவுகளை 1934-ல் வெளியிட்டார். பென்குவின்களுக்கு அன்றைக்கு நல்ல விருந்து!

உங்கள் வீட்டில் பென்குவின் இல்லை. ஆனால் அது மீனுக்குத் தெரியாதே. முதுகுக்குப் பின்னால் இருட்டான ஒரு பக்கம் இருந்தால் பல மீன்கள் பதுங்கும் மூலையை விட்டு வெளியே வந்து நீந்தும்.

இனி நம் கண். மஞ்சள் சாமந்தியின் இதழ் இரண்டைக் கிள்ளி, ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளிலும் வையுங்கள். ஒரே பூவின் இதழ்தான். கறுப்பில் இருப்பது அதிகமாக ஒளிர்கிற மாதிரி இருக்கும். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை மங்கலாக்கிக் காட்டின. 1839-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். (மனிதர் 102 வயதுவரை வாழ்ந்தார்.) ஆக, கறுப்புத் தாளுக்கு முன்னால் கப்பி மீனின் வால் எரிகிற மாதிரி தெரிந்தால், அதில் ஒரு பங்கு நம் கண் செய்கிற வேலை.

தாளை ஒட்டும் வேலைக்கு வருவோம். தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள சாதாரணத் தொட்டியில் விளிம்புவரை 54 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே 54 கிலோ. பிறகு அதை நகர்த்திப் பின்பக்கம் போவது நடக்காத காரியம். தாள், பெயின்ட் எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியேதான். உள்ளே எதையும் ஒட்டக் கூடாது, பூசவும் கூடாது.

பாதிப் பேர் நாலு மூலையிலும் செல்லோ டேப் ஒட்டிவிட்டு முடிந்தது என்று போய்விடுவார்கள். முன்னால் நின்று பார்த்தால் கறுப்பு நன்றாகத்தான் தெரியும். ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பின்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பைக் காணோம்! அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று பளபளக்கும். தொட்டியில் இருக்கும் செடியும் மீனும் அதில் இரட்டையாகத் தெரியும்.

தாள் எங்கே போனது? ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு ரூபாய் நாணயமும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அடிப்பக்கம் தட்டையாக உள்ள டம்ளராகப் பாருங்கள். நாணயத்தை மேசையில் வைத்து, அதன் மேல் டம்ளரை வைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஒரு தட்டால் மூடுங்கள். இப்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நாணயம் தெரியாது. டம்ளரைத் தூக்கி, நாணயத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி டம்ளரை அதன் மேல் அழுத்தி வையுங்கள். நாணயம் வந்துவிடும்!

இரண்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய காற்றுதான் மாயம் செய்தது. தண்ணீரிலிருந்து கண்ணாடியைக் கடந்து காற்றுக்குள் போக முயலும் ஒளி, நேராக வந்தால் வெளியே போய்விடும். கண்ணாடிக்கு நேர்க்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 49 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேற முடியாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். டேப் ஒட்டிய தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே எப்போதும் காற்று இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நம் பார்வைக் கோடு அந்தப் பின்கண்ணாடியில் மிகவும் சாய்ந்து விழுவதால் தாளை எட்டவே எட்டாது. மீனுக்கும் இதே கதிதான். நீங்கள் அதற்காக வாங்கிவைத்த இருட்டு, அது சாய்வாகப் பார்க்கும் இடங்களில் எல்லாம் வெள்ளிக் கண்ணாடியாகிவிடுகிறது.

அந்தக் காற்றை விரட்டினால் போதும். ஒளியை வளைக்கும் திறனுக்கு ஓர் எண் உண்டு: ஒளிவிலகல் எண். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்குச் சுமார் 1.5. தேங்காய் எண்ணெய்க்கு 1.45 அளவில், கிளிசரினுக்கு 1.47. கண்ணாடிக்கு அருகில் இருக்கிற எண்கள் இவை. எனவே பிளாஸ்டிக் சீனரித் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால், ஒளிக்கு அங்கே திரும்பிவர வேலையில்லை. நேரே கறுப்பில் போய் மாட்டிக்கொள்ளும். வீட்டில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். தருமபுரியில் மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குப் பின்னாலும் அதே கதை நடந்தால் கறுப்பில் வெள்ளைத் தேமல் விழும். மருந்துக்கடையில் சின்னப் பாட்டிலாகக் கிடைக்கும் கிளிசரின் இந்த வேலைக்கு மேல். சார்ட் அட்டை எதையும் உறிஞ்சி ஊறிப்போகும். அதற்கு இந்த வித்தை பலிக்காது.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் பளபளப்பில்லாத கறுப்பு ஸ்டிக்கர் கேளுங்கள். பின்கண்ணாடியை விட ஒரு விரற்கடை பெரிதாக வெட்டி வாங்குங்கள். தொட்டியின் முன்கண்ணாடி கீழே வரும்படி, மடித்த போர்வை மேல் பெரியவர் ஒருவர் உதவியோடு படுக்கவையுங்கள். பின்கண்ணாடியைத் தூசி இல்லாமல் துடையுங்கள். ஒரு தலைமுடி இருந்தால்கூடக் கூடாரம் அடித்து நிற்கும். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து கண்ணாடி மேல் தெளித்து, ஸ்டிக்கரை மெல்ல இறக்குங்கள். ஈரம் இருக்கும்வரை அதை நகர்த்திச் சரிசெய்யலாம். பழைய ஏ.டி.எம். அட்டையில் துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தள்ளித் தள்ளித் தண்ணீரையும் குமிழியையும் வெளியேற்றுங்கள். ஓரத்தைப் பிளேடால் வெட்டும் வேலை அப்பாவுக்கோ அக்காவுக்கோ. ஷாம்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. சோப்பு மீனின் செவுள்களைக் கெடுத்துவிடும்.

பெயின்ட் அடித்தால் இந்தக் குமிழி வம்பே இல்லை. அது கண்ணாடியோடு கண்ணாடியாகப் படிந்துவிடும், நடுவில் காற்று கிடையாது. ஆனால் மனம் மாறினால் சுரண்டி எடுக்க வேண்டும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஸ்டிக்கரோடு தொடங்குவது நல்லது.

தரைக்கு வெள்ளை மார்பிள் சிப்ஸ் வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். நம் தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது, ஃபுளோரைடும் அதிகம். அதனால்தானே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டியெடுக்கும் கறுப்பு கிரானைட் நுரைக்காது. பட்டறையில் ஒரு துண்டுப் பலகை கிடைத்தால் நன்றாகக் கழுவி, பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி தரையில் போட்டு, மேலே கருமணல் தூவலாம். கிரானைட் சில்லுகளை மட்டும் அப்படியே போடாதீர்கள். தரையை மேயும் மீன்களின் வாயைக் கீறிவிடும்.

கறுப்புக்குக் குறைகளும் உண்டு. தண்ணீர் ஆவியாகும் மட்டத்தில் படியும் வெள்ளை உப்புக்கோடு கறுப்பின் மேல் பளிச்சென்று தெரியும். வாரம் ஒரு முறை துடைக்க வேண்டியதுதான். வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் கறுப்பு முதுகு வெப்பத்தை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும். அறையின் டியூப் லைட் பிரகாசமாக இருந்தால் முன்கண்ணாடியில் மீனுக்குப் பதில் உங்கள் முகம் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் போட்டால் சரியாகிவிடும்.

நிறமாற்றத்தை நேரில் பார்க்க ஆசையா? கடையில் 'ஜீப்ரா' என்று கேட்டால் கோடுபோட்ட சின்ன மீன் கிடைக்கும். கங்கைச் சமவெளிப் பக்கத்து மீன் அது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். அகன்ற வாயுள்ள இரண்டு பாத்திரங்களில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஒன்றின் அடியையும் சுற்றுப்புறத்தையும் கறுப்புத் தாளாலும் மற்றதை வெள்ளைத் தாளாலும் மூடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீனை விட்டு, அரை மணி நேரம் கழித்து இரண்டையும் ஒரே வெள்ளைக் கிண்ணத்துக்கு மாற்றி உடனே பாருங்கள். தாமதித்தால் இரண்டும் வெளுத்துவிடும். பார்த்து முடித்ததும் மீன்களைத் தொட்டியிலேயே விடுங்கள், ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். தனித்தனியாகப் போன் கேமராவில் படம் எடுத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது: பின்னணி கறுப்பாக இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், வெளுப்பாக இருந்தால் குறைத்துக் காட்டும். ஆகவே படம் எடுக்கும்போது மீனுக்குப் பக்கத்தில் ஒரே வெள்ளைத் தாள் துண்டை இரண்டு முறையும் வையுங்கள். அந்தத் துண்டு இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வெள்ளையாக விழுந்திருந்தால்தான் மீன்களின் நிறத்தை ஒப்பிடலாம்.